கால் பெருவிரல் வீக்கம் எப்படி அடங்குகிறது? அழற்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பாவுக்கு யூரிக் அமில வாதம் உண்டு. கவுட் என்று டாக்டர்கள் சொல்வது. முதல் தடவை வந்தபோது நள்ளிரவு இரண்டு மணி. கால் பெருவிரல் சிவந்து உப்பி, போர்வை பட்டால்கூட அலறினார். பத்து நாளில் எல்லாம் அடங்கிவிட்டது. மாத்திரையைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தார். "தானா வந்துச்சு, தானா போச்சு" என்றார்.

நோயெதிர்ப்பியல் படித்து, அதையே பாடமாக நடத்திக்கொண்டிருக்கும் எனக்கு அந்த "தானா போச்சு" மனதை அரித்துக்கொண்டே இருந்தது. வீக்கம் வருவதற்கு எத்தனை மூலக்கூறுகள் உழைக்கின்றனவோ, அது போவதற்கும் அத்தனை உழைக்கின்றன. அந்த இரண்டாவது பாதியை யாரும் பேசுவதில்லை. வகுப்பிலும் வீட்டிலும் என்னிடம் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முடிந்தவரை அந்தப் பெருவிரலையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

அழற்சியும் இன்ஃபெக்ஷனும் ஒன்றுதானே?

இல்லை. கிருமி உள்ளே நுழைந்து பெருகுவது இன்ஃபெக்ஷன். உடல் அதற்குக் காட்டும் எதிர்வினை அழற்சி. கிருமியே இல்லாமலும் அழற்சி வரும். அப்பாவின் விரலில் ஒரு பாக்டீரியாகூட இல்லை. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற நான்கு அடையாளங்களை முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் எழுதிவைத்துவிட்டார். ரத்தக்குழாய் விரிவதால் சிவப்பும் சூடும் வருகின்றன. குழாய்ச் சுவர் கசிவதால் வீக்கம். புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருட்கள் நரம்பு முனைகளைத் தொட்டாற்சுருங்கி போல ஆக்கிவிடுவதால் வலி.

யூரிக் அமிலம் எல்லார் ரத்தத்திலும் இருக்கிறது. சிலருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

கரைந்திருக்கும் வரை தொந்தரவில்லை. 37 டிகிரி வெப்பத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரை யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம், கரைந்திருக்கும். 30 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 4.5 தான். கால் பெருவிரல் உடம்பின் குளிர்ந்த மூலைகளில் ஒன்று. அதனால் அளவு மீறியவர்களுக்கு முதலில் அங்கேதான் ஊசி ஊசியாகப் படிகம் படிகிறது. பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தை உடைக்கும் யூரிகேஸ் என்ற என்சைம் இருக்கிறது. நமக்கு அந்த ஜீன் குரங்கின முன்னோர் காலத்திலேயே பழுதாகிவிட்டது.

படிகம்தான் குற்றவாளியா என்று பார்க்க 1962இல் ஃபெயர்ஸ், மெக்கார்ட்டி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் முழங்காலிலேயே யூரேட் படிகத்தை ஊசிமூலம் செலுத்திக்கொண்டார்கள். கடுமையான வலியும் வீக்கமும் வந்தன. சந்தேகம் தீர்ந்தது.

ஒரு செல்லுக்குப் படிகம் இருப்பது எப்படித் தெரியும்? அதற்குக் கண்ணா இருக்கிறது?

நான் மிகவும் ரசித்துப் பாடம் நடத்தும் இடம் இது. இங்கே செல் படிகத்தை நேராக அடையாளம் கண்டு அலறுவதில்லை. தனக்கு ஏற்பட்ட காயத்தைத்தான் உணர்கிறது.

மூட்டின் உள்ளுறையில் மேக்ரோபேஜ் என்ற விழுங்கு செல்கள் இருக்கின்றன. வேண்டாத எதைக் கண்டாலும் விழுங்கி, லைசோசோம் என்ற அமிலப் பைக்குள் போட்டுக் கரைத்துவிடும். பாக்டீரியா என்றால் கரைந்துவிடும். யூரேட் படிகம் அப்படிக் கரைவதில்லை. அது பையின் சவ்வைக் கிழிக்கிறது. உள்ளே இருந்த கேதெப்சின் என்ற என்சைம் கசிகிறது. செல்லுக்குள் நிறைந்திருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. இந்தக் கலவரத்தில் விழித்துக்கொள்வதுதான் என்எல்ஆர்பி3 என்ற புரதம். நெக்7 என்ற இன்னொரு புரதத்தின் துணையோடு பல என்எல்ஆர்பி3 மூலக்கூறுகள் சக்கரம்போலக் கூடுகின்றன. அதன்மேல் ஏஎஸ்சி என்ற புரதம் இழையாக வளர்கிறது. அந்த இழையில் காஸ்பேஸ்-1 வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்த முழு அமைப்புக்கும் இன்ஃப்ளமசோம் என்று பெயர். 2002இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் யூர்க் ச்சோப்பின் குழு இதைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்தது. 2006இல் அதே குழு, யூரேட் படிகம் இதைத்தான் தூண்டுகிறது என்று காட்டியது. அதுவரை கவுட் என்பது வெறும் யூரிக் அமிலக் கதை. அதன்பிறகுதான் நோயெதிர்ப்பு செல்களின் கதையும் ஆனது.

காஸ்பேஸ்-1 ஒரு கத்தரிக்கோல். இரண்டு இடத்தில் வெட்டுகிறது. முதலில், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற, அழற்சியை மூட்டும் செய்திப் புரதத்தின் செயலற்றுக் கிடக்கும் நீள வடிவத்தை வெட்டி வீரியமுள்ளதாக ஆக்குகிறது. அப்புறம் கேஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டுகிறது. அதன் துண்டுகள் செல்லின் சவ்வில் வளையமாகச் சேர்ந்து ஓட்டை போடுகின்றன. அந்த ஓட்டை வழியாக இன்டர்லூக்கின் வெளியேறுகிறது. கேஸ்டெர்மினின் இந்த வேலை 2015இல்தான் தெரிந்தது.

வெளியே வந்த இன்டர்லூக்கின்-1 பீட்டா அருகிலுள்ள ரத்தக்குழாயின் உட்சுவரைப் பிசுபிசுப்பாக்குகிறது. ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் அதில் சிக்கி, உருண்டு, சுவரைத் தாண்டி மூட்டுக்குள் இறங்குகின்றன. பொழுது விடிவதற்குள் விரல் உப்பிவிடுகிறது.

படிகம் வருஷக்கணக்காக மூட்டில் கிடக்கிறது. ஆனால் கல்யாண விருந்து சாப்பிட்ட ராத்திரிதான் வலி வருகிறது. ஏன்?

ஏனென்றால் ஒரு சாவி போதாது. இன்டர்லூக்கின்-1 பீட்டா இவ்வளவு வலுவான பொருள் என்பதால், அதற்கு இரட்டைப் பூட்டு போட்டிருக்கிறது உடம்பு. இன்ஃப்ளமசோம் இரண்டாவது சாவி. வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் தயாராக இருந்தாலும், வெட்டப்பட வேண்டிய புரதம் செல்லில் இருக்க வேண்டுமே! சும்மா இருக்கும் மேக்ரோபேஜில் அது கிட்டத்தட்ட இருப்பதே இல்லை. அதைத் தயாரிக்கச் சொல்லும் உத்தரவுதான் முதல் சாவி.

விருந்துக்குப்பின் ரத்தத்தில் ஏறும் கொழுப்பு அமிலங்கள் அந்த முதல் சாவியாக முடியும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். படிகத்தை மட்டும் செல்லுக்குக் கொடுத்தால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஸ்டியரிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது இன்டர்லூக்கின் கொட்டியது. மதுவும் காய்ச்சலும் அறுவை சிகிச்சையும்கூட வலியைக் கிளப்பிவிடுவது டாக்டர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம்.

அந்த முதல் உத்தரவைப் போடுவது யார்? அதை ரத்து செய்வது யார்?

போடுவது என்எஃப்-கப்பா-பி என்ற புரதம். 1986இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் கண்டுபிடித்தது. சாதாரண நேரத்தில் இது செல்லின் உட்கருவுக்கு வெளியே, ஐகப்பா-பி என்ற இன்னொரு புரதத்தின் பிடியில் இருக்கும். ஆபத்துச் செய்தி வந்ததும் அந்தக் காவலாளிக்கு பாஸ்பேட் முத்திரை குத்தப்பட்டு, புரதங்களை அரைத்துத்தள்ளும் புரோட்டியசோமுக்கு அனுப்பப்படுகிறது. விடுபட்ட என்எஃப்-கப்பா-பி உட்கருவுக்குள் போய், அழற்சிக்கான நூற்றுக்கணக்கான ஜீன்களைத் திறக்கிறது.

அது முதலில் திறக்கும் ஜீன்களில் ஒன்று எது தெரியுமா? தன்னைப் பிடித்துவைத்திருந்த அந்தக் காவலாளியின் ஜீன்தான். புதிதாக உருவான காவலாளி உட்கருவுக்குள்ளேயே நுழைந்து, என்எஃப்-கப்பா-பியைப் பிடித்து வெளியே இழுத்து வருகிறது. தூண்டுதல் இன்னும் இருந்தால் காவலாளி மறுபடி அழிகிறது, மறுபடி உருவாகிறது. ஒளிரும் புரதம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, சுமார் 100 நிமிஷத்துக்கு ஒருமுறை இது உள்ளே போய் வெளியே வருவது தெரிந்தது. தொடங்கும் உத்தரவிலேயே நிறுத்தும் உத்தரவும் எழுதியிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பேன்.

ஒரே ஒரு பிரேக்தானா?

பல உண்டு. எனக்குப் பிடித்த இரண்டைச் சொல்கிறேன்.

ஜீன் திறந்தால் உடனே புரதம் வந்துவிடாது. நடுவில் எம்ஆர்என்ஏ என்ற நகல் உண்டு. டிஎன்எஃப் போன்ற அழற்சிப் புரதங்களின் நகலில் வால்பகுதியில் ஒரு தனி எழுத்து வரிசை இருக்கிறது. "என்னைச் சீக்கிரம் கிழித்துப் போடு" என்பதற்கான குறி அது. டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம் அந்தக் குறியைப் பிடித்து நகலை அழித்துவிடும். இந்தப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகள் உடல் மெலிந்து, மூட்டெல்லாம் வீங்கிப்போயின. குறை டிஎன்எஃப் ஜீனில் இல்லை. நகலைக் கிழிக்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று ஏ20. ஆபத்துச் செய்தி செல்லுக்குள் ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குப் போக, யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதங்களைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்கிறது. ஏ20 அந்தச் சங்கிலிகளைக் கலைத்து, செய்தி மேலே போகாமல் துண்டித்துவிடும். இதையும் திறந்துவைப்பது என்எஃப்-கப்பா-பியேதான். மனிதர்களில் ஏ20 ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால்கூடச் சிறுவயதிலேயே வாய்ப்புண், மூட்டுவலி, திரும்பத்திரும்பக் காய்ச்சல் என்று அவதிப்படுகிறார்கள். 2016இல் இது தனி நோயாக அடையாளம் காணப்பட்டது.

செல்லுக்கு வெளியே போய்விட்ட இன்டர்லூக்கினை என்ன செய்வது? விட்ட அம்பு ஆயிற்றே?

அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. செல்லின் மேல் நின்று செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். இன்டர்லூக்கின்-1 ஏற்பி எதிர்ப்பான் என்று ஒரு புரதத்தை உடம்பே சுரக்கிறது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத சாவி போன்றது. அது உட்கார்ந்த ஏற்பியில் நிஜ இன்டர்லூக்கினுக்கு இடமில்லை. இந்தப் புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் சில வாரங்களிலேயே எலும்பிலும் தோலிலும் கடும் அழற்சி வருகிறது. 2009இல் இது கண்டறியப்பட்டது. அவர்களுக்குக் கொடுக்கும் அனகின்ரா மருந்து, அந்த இல்லாத புரதத்தைத் தொழிற்சாலையில் தயாரித்ததுதான். தினமும் ஊசி போட்டால் குழந்தை தேறிவிடுகிறது. வேறு மருந்துக்கு அடங்காத கவுட் வலிக்கும் டாக்டர்கள் சில சமயம் இதைத் தருவதுண்டு.

இன்டர்லூக்கின்-10 இன்னொரு வகை. பெயரில் இன்டர்லூக்கின் என்றிருப்பதால் மாணவர்கள் குழம்புவார்கள். இது தீயை அணைக்கும் கட்சி. மேக்ரோபேஜ் தானே சுரந்து, தானே பெற்றுக்கொண்டு, ஸ்டாட்3 என்ற புரதம் வழியாக அழற்சி ஜீன்களின் குரலைத் தணித்துக்கொள்கிறது. இதன் ஏற்பி பழுதான குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே குடல் முழுக்கப் புண்ணாகிறது. நம் குடலில் கோடானுகோடி பாக்டீரியா இருந்தும் நாம் அமைதியாக இருக்கிறோம் என்றால், அதில் இந்த ஒரு புரதத்தின் பங்கு பெரியது.

மூட்டுக்குள் குவிந்த நியூட்ரோஃபில்கள் அப்புறம் எங்கே போகின்றன?

வீட்டுக்குத் திரும்புபவை மிகக் குறைவு. பெரும்பாலானவை அங்கேயே சாகின்றன. நம் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இவற்றை உற்பத்தி செய்கிறது. குறுகிய ஆயுள்.

சாகும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. சில நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக விரித்துச் சாகின்றன. படிகங்கள் நிறைந்த இடத்தில் இந்த வலைகள் ஒன்றோடொன்று அடர்ந்து கட்டியாகின்றன. அந்தக் கட்டியில் ஒட்டியிருக்கும் என்சைம்கள், சுற்றியிருக்கும் இன்டர்லூக்கின் போன்ற செய்தி மூலக்கூறுகளை வெட்டித் தள்ளுகின்றன. ஜெர்மனியின் எர்லாங்கன் ஆய்வாளர்கள் 2014இல் இதைக் காட்டினார்கள். நியூட்ரோஃபில்கள் அளவுக்கு மீறிக் குவிவதே அடங்குவதற்கான வழியாகிறது என்பதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

மற்றவை சத்தமில்லாமல் சாகின்றன. சாகும் முன் பாஸ்பாட்டிடைல்செரீன் என்ற கொழுப்பை வெளிப்புறம் திருப்பிக் காட்டுகின்றன. "என்னை எடுத்துக்கொள்" என்ற அடையாளம் அது. மேக்ரோபேஜ் வந்து விழுங்குகிறது. விழுங்கிய மேக்ரோபேஜின் குணமே மாறிவிடுகிறது. இன்டர்லூக்கின்-1 சுரந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது அழற்சியைத் தணிக்கும் டிஜிஎஃப்-பீட்டாவும் இன்டர்லூக்கின்-10ம் சுரக்கிறது. முதிர்ந்த மேக்ரோபேஜ்கள் மிச்சப் படிகத்தைக்கூடக் கலவரமில்லாமல் விழுங்கிக்கொள்ளும். வலி போன பிறகும் மூட்டில் படிகம் இருக்கிறது, ஆனால் நோயாளிக்குத் தெரியவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இதற்கிடையில் கொழுப்பு மூலக்கூறுகளும் கட்சி மாறுகின்றன. முதல் கட்டத்தில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்திலிருந்து வலி தரும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. சில மணி நேரம் கழித்து, அதே அராகிடோனிக் அமிலத்திலிருந்து லிபாக்சின் உருவாகத் தொடங்குகிறது. புதிய நியூட்ரோஃபில்கள் வராமல் தடுப்பது லிபாக்சினின் வேலை. மாற்றத்துக்கு உத்தரவு கொடுப்பதே அந்த வலி தரும் புரோஸ்டாகிளாண்டின்தான்.

2025 மருத்துவ நோபல் பரிசு இது சம்பந்தப்பட்டதுதானா?

பக்கத்து விஷயம். மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காகக் கிடைத்தது. சொந்த உடம்பையே தாக்கும் டி செல்களைக் கட்டுக்குள் வைக்கும் செல்கள் இவை. ஃபாக்ஸ்பி3 என்ற ஜீன் இவற்றுக்கு அடிப்படை. பெருவிரல் வலியில் இவற்றின் பங்கு சிறியது. டைப்-1 சர்க்கரை நோய், முடக்குவாதம் போன்றவற்றைப் பேசும்போது இவைதான் மையம்.

கவுட்டுக்குத் தரும் கோல்சிசின் மாத்திரை வலிநிவாரணியா?

இல்லை. தலைவலிக்குப் போட்டால் ஒன்றும் நடக்காது. செல்லுக்குள் சாமான்களை இழுத்துச் செல்லும் தண்டவாளங்கள் உண்டு, நுண்குழாய்கள் என்போம். டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. கோல்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு தண்டவாளம் நீளவிடாமல் செய்கிறது. நியூட்ரோஃபில் சரியாக ஒட்டவும் ஊர்ந்து நுழையவும் திணறுகிறது. இன்ஃப்ளமசோம் கூடுவதும் தடைபடுகிறது.

முன்பெல்லாம் வயிற்றுப்போக்கு வரும்வரை மணிக்கொரு மாத்திரை கொடுப்பார்கள். 2010இல் வெளியான ஒரு பரிசோதனையில், ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 1.8 மி.கி. கொடுப்பதும், ஆறு மணி நேரத்தில் 4.8 மி.கி. கொடுப்பதும் ஒரே அளவு பலன் தந்தன. குறைந்த அளவில் வயிற்றுப்போக்கு மிகவும் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கும் இந்த மருந்து உடம்பில் தேங்கி ஆபத்தாகும். டாக்டரிடம் எல்லா மாத்திரைகளையும் காட்டிவிடுங்கள்.

ஸ்டீராய்டு எப்படி இவ்வளவு வேகமாக வேலை செய்கிறது?

அட்ரீனல் சுரப்பி தரும் கார்டிசாலின் நகல் அது. நேராகச் செல்லுக்குள் புகுந்து தன் ஏற்பியோடு உட்கருவுக்குப் போய், என்எஃப்-கப்பா-பி திறந்த ஜீன்களை மூடுகிறது, மேலே சொன்ன பிரேக்குகள் சிலவற்றைத் திறக்கிறது. ஒரே அடியில் பல இடம். பக்கவிளைவும் அதனால்தான் பல இடத்தில்.

அப்படியானால் அழற்சியை முழுசாக அடக்கிவிட்டால் நல்லதுதானே?

கூடாது. கனகினுமாப் என்ற மருந்து இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும். மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 2017இல் வந்தது. 150 மி.கி. அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச்சாவு ஆகியவை சேர்த்து 15 சதவீதம் குறைந்தன. கவுட் வலியும் குறைந்தது. ஆனால் கிருமித் தொற்றால் இறப்பது சற்றுக் கூடியது.

கோவிட் காலத்து டெக்சாமெத்தசோன் இதைவிடத் தெளிவான பாடம். பிரிட்டனில் 2020இல் நடந்த பரிசோதனையில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் தெரியவில்லை. வைரஸோடு சண்டை நடக்கும் நேரத்தில் படையை முடக்கக்கூடாது. சண்டை கைமீறி நுரையீரலையே அழிக்கும்போது முடக்க வேண்டும். அந்த நாட்களில் லேசான காய்ச்சலுக்கே கடையில் ஸ்டீராய்டு வாங்கிப் போட்டுக்கொண்டவர்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

மஞ்சள் பால் குடித்தால் அழற்சி குறையுமா? இம்யூனிட்டி பூஸ்டர் பவுடர்?

ஆய்வகத் தட்டில் வளரும் செல்லில் மஞ்சளிலுள்ள குர்குமினை ஊற்றினால் என்எஃப்-கப்பா-பி அடங்குவது உண்மை. ஆனால் குடித்த குர்குமினில் மிகமிகக் கொஞ்சம்தான் ரத்தத்துக்குப் போகிறது. மஞ்சள் பால் பிடித்திருந்தால் குடியுங்கள். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

இம்யூனிட்டியைக் "கூட்ட" வேண்டும் என்ற பேச்சே எனக்கு உடன்பாடில்லை. ஏ20, இன்டர்லூக்கின்-10 ஏற்பி பழுது என்று இதுவரை சொன்ன பிறவி நோய்கள், பிரேக் போய் எதிர்ப்பு கூடியதால் வந்தவை.

ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி அதிகம் என்றால்?

எங்கோ அழற்சி இருக்கிறது என்று மட்டும் பொருள். எங்கே, எதனால் என்பதை அது சொல்லாது. இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய்ச் சொன்னதும், கல்லீரல் சிஆர்பி புரதத்தைச் சுரக்கிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். அதனால் அழற்சி அடங்கினால் இரண்டு மூன்று நாளில் எண் சட்டென இறங்கும்.

வலி இருக்கும்போது எடுத்த டெஸ்டில் யூரிக் அமிலம் நார்மல். அப்படியானால் கவுட் இல்லையா?

இருக்கலாம். வலி நேரத்தில் அந்த எண் இறங்கிவிடுவதுண்டு. வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். சந்தேகமென்றால் மூட்டு நீரை எடுத்து நுண்ணோக்கியில் படிகத்தைத் தேடுவதே உறுதியான வழி.

கோல்சிசின் எங்கள் ஊர் கண்வலிக்கிழங்கில் இருக்கிறதாமே. கிழங்கையே சாப்பிடலாமா?

வேண்டவே வேண்டாம். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் பந்தல் போட்டு வளர்க்கும் செங்காந்தள்தான் அது. பெண்களின் விரலுக்குப் புலவர்கள் உவமை சொன்ன பூ, நம் மாநில மலர். விதையிலும் கிழங்கிலும் கோல்சிசின் உண்டு. விதை மருந்துக்காக ஏற்றுமதியாகிறது. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவு. கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்று கையில் பிடித்துச் சொல்ல யாராலும் முடியாது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தெரியாமல் சாப்பிட்டு இறந்தவர்கள் இலங்கையில் இருக்கிறார்கள். தண்டவாளத்தை முடக்கும் அதே வேலையை அது எலும்பு மஜ்ஜையிலும் குடலிலும் இதயத்திலும் செய்யும்.

யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால், வாந்தியும் பேதியும் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். அவை தொடங்கவே சில மணி நேரம் ஆகும். கிழங்கின் ஒரு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, 108க்கு அழைத்து, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.